நார்மன், மைக்கேல், ஹானிபல்: இவர்களில் யாருடைய மனதுக்குள் நம்மால் போக முடிகிறது?

நள்ளிரவுக்காட்சி

ஸ்பாய்லர் இருக்கிறது, பரவாயில்லை என்பவர்கள் மட்டும் தொடருங்கள். ‘சைக்கோ’ வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது. இனியும் அதன் முடிவைப் பொத்திப் பொத்தி வைக்க முடியாது.

யார் பெரிய கொலைகாரன், யார் அதிகம் பயமுறுத்தினான் என்ற பட்டியல் சண்டை இங்கே நிறையவே நடந்தாயிற்று. நான் கேட்பது வேறு. நார்மன் பேட்ஸ், மைக்கேல் மையர்ஸ், ஹானிபல் லெக்டர் மூவரையும் எடுத்துக்கொள்வோம். மூன்று படங்களிலும் ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார். வில்லனைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அந்த மருத்துவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

1960இல் வந்த ‘சைக்கோ’வில் அவர் கடைசியில்தான் வருகிறார். நார்மன் பிடிபட்டுவிட்டான். எல்லோரையும் ஓர் அறையில் வைத்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு முன்னால் அவன் அம்மாவையும் அவளுடைய காதலனையும் விஷம் வைத்துக் கொன்றது, பிணத்தைத் திருடி வந்து பதப்படுத்தியது, தன் மனதில் பாதியை அம்மாவுக்கே கொடுத்துவிட்டது என்று மளமளவென்று சொல்லி முடிக்கிறார். இதோ நோய், இதோ காரணம், போய்த் தூங்குங்கள் என்கிற தோரணை.

1978இன் ‘ஹாலோவீன்’ படத்தில் டாக்டர் லூமிஸ் முதலிலிருந்தே இருக்கிறார், கையில் துப்பாக்கியோடு. எட்டு வருடம் மைக்கேல் என்ற அந்தப் பையனின் மனதை எட்டிப் பிடிக்க முயன்றாராம், அடுத்த ஏழு வருடம் அவன் வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டாராம். ஆறு வயதில் அக்காவைக் குத்திக் கொன்ற பையன். அவனுடைய கண்ணுக்குப் பின்னால் இருந்தது சுத்தமான தீமை, அவ்வளவுதான் என்கிறார். ஒரு மருத்துவர் பேசுகிற பேச்சா இது? பேயோட்டி பேசுகிற பேச்சு.

1991இல் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’. இதில் மருத்துவரே, மனிதர்களைக் கொன்று தின்ற லெக்டர், கண்ணாடிக்குப் பின்னால் கைதியாக நிற்கிறார். எஃப்.பி.ஐ. பயிற்சியில் இருக்கும் க்ளாரிஸ் ஒரு கேள்வித்தாளைக் கொண்டுபோய் நீட்டுகிறாள். அவர் அதைக் கிண்டல் செய்து திருப்பித் தள்ளிவிட்டு, அவளுடைய கைப்பை, காலணி, பேச்சில் ஒட்டியிருக்கும் ஊர் வாடை எல்லாவற்றையும் வைத்து அவளைப் பிரித்து மேய்கிறார்.

முப்பது வருடத்தில் மருத்துவரின் நாற்காலி எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது பாருங்கள். முதலில் விளக்கினார், பிறகு கைவிட்டார், கடைசியில் அவரே தின்ன ஆரம்பித்துவிட்டார். என்னைக் கேட்டால் இந்த மூவரில் மைக்கேல்தான் பயங்கரம். உள்ளே போக வாசலே இல்லாத ஆள். உங்கள் கருத்து?

கோபி எழும்பூர்

ஃப்ரெடி க்ரூகர் இல்லாமல் ஒரு இழையா? அநியாயம். நாளை சாவகாசமாக வருகிறேன். இப்போதைக்கு ஆஜர்.

தேன்மொழி

நான் மனநலத் துறையில் வேலை பார்க்கிறவள். அதனால் லூமிஸ் மீது எனக்குக் கொஞ்சம் தனிப்பட்ட கோபம் உண்டு. இருந்தாலும் நள்ளிரவுக்காட்சி பிடித்த நூல் நல்ல நூல், அதையே இழுத்துப் பார்க்கிறேன்.

மைக்கேல் தன் அக்காவைக் கொல்வது 1963 அக்டோபர் 31 இரவு. அதே அக்டோபர் 31 அன்றுதான் ஜனாதிபதி கென்னடி சமூக மனநலச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெரிய பெரிய அரசு மனநல மருத்துவமனைகளைக் குறைத்து, ஊருக்கு ஊர் சிறு மையங்கள் அமைத்து, நோயாளிகளை வெளியே வாழவிடுவது அதன் நோக்கம். 1955இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். 1980 வாக்கில் அது ஏறக்குறைய கால் பங்காகிவிட்டது. வெளியே வந்தவர்களுக்காகக் கட்டுவதாகச் சொன்ன மையங்களில் பாதிகூட எழவில்லை என்பது வேறு சோகம்.

‘ஹாலோவீன்’ இயக்குநர் கார்பென்டர் தேதியைத் தெரிந்து வைத்திருக்க மாட்டார், தற்செயல்தான். ஆனால் படத்தில் மைக்கேல் தப்பிக்கும் காட்சியைப் பாருங்கள். கொட்டும் மழை, இருட்டு, லூமிஸும் நர்ஸும் காரில் வருகிறார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளை அங்கி போட்ட நோயாளிகள் புல்வெளியில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். எப்போதிலிருந்து இவர்களை இப்படி உலாவ விடுகிறார்கள் என்று நர்ஸ் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் அந்தக் காலத்து நடுத்தர வர்க்க அமெரிக்காவின் பயம் மொத்தமும் இருக்கிறது. கேட் திறந்துவிட்டது, அவர்கள் நம் தெருவுக்கு வருகிறார்கள் என்கிற பயம். நிஜத்தில் தீவிர மனநோய் உள்ளவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடிபடுகிறவர்களாக இருப்பதே அதிகம். சினிமாவுக்கு அது எடுபடாது.

அப்புறம் இந்த மூவரில் யார் ‘சைக்கோபாத்’, அதாவது இரக்கமும் குற்றவுணர்வும் இல்லாத ஆளுமை, என்று கேட்டால் என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. நார்மன் இல்லவே இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்கிற காட்சி நடிப்பல்ல, அவனுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. மைக்கேலும் இல்லை. சைக்கோபாத்தின் முதல் அடையாளமே வழவழப்பான பேச்சு, சரளமான பொய். பதினைந்து வருடம் வாயே திறக்காதவனிடம் இதை எங்கே தேடுவது? சைக்கோபாத்தை அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய அளவுகோலில் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மதிப்பெண், மொத்தம் 40. 30ஐத் தொட்டால்தான் அந்த முத்திரை. லெக்டருக்கு ஈரமின்மை, கவர்ச்சி, ஏமாற்றுத்தனம் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் திடீர் ஆவேசம், பொறுப்பில்லாத வாழ்க்கை, ஒட்டுண்ணித்தனம், இளம் வயதுக் குற்றங்கள் என்ற பகுதியில் படத்தில் நாம் பார்க்கும் லெக்டர் தேறுவது கஷ்டம். அவருக்கு ஊரே மெச்சிய தொழில் இருந்தது.

பெல்ஜியம் நாட்டு மனநல மருத்துவர்கள் லைஸ்டெட், லின்கோவ்ஸ்கி இருவரும் 400 படங்களைப் பார்த்து 126 கதாபாத்திரங்களை எடுத்து ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் நிஜத்துக்கு மிக நெருக்கமானவன் என்று சொன்னது ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்தின் ஆன்டன் சிகுரை. லெக்டரை அல்ல.

நள்ளிரவுக்காட்சி

அக்டோபர் 31 விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது, தேன்மொழி. அருமை.

ஆனால் லெக்டர் நிஜத்தில் இருக்க முடியாத ஆள் என்பது குறையா? ஆன்டனி ஹாப்கின்ஸ் மொத்தம் திரையில் வருவதே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். அந்த நேரத்துக்குள் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரைத் தூக்கிக்கொண்டு போனார். முதல் காட்சியில் க்ளாரிஸ் நடந்து வரும்போது மற்ற அறைகளில் உட்கார்ந்தும் படுத்தும் கம்பியைப் பிடித்தும் ஆட்கள். இவர் மட்டும் அறை நடுவில், கைகளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்றே தெரியாது. அப்படி நிற்கலாம் என்பது ஹாப்கின்ஸின் சொந்த யோசனை, அவள் வருவது இவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும் என்பதற்காக. இந்த ஆளுக்கு 20 அம்ச அளவுகோல் எதற்கு? அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் க்ளாரிஸுக்கு நேர்ந்ததுதான் ஹேருக்கும் நேரும்.

கரிசல்காட்டான்

எல்லோரும் நார்மனைத் தாண்டி ஓடுகிறீர்கள். நான் அங்கேயே கொஞ்சம் நிற்கிறேன்.

நார்மனுக்குப் பின்னால் விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் வாழ்ந்த எட் கீன் இருப்பது ஊரறிந்த கதை. 1957 நவம்பரில் பிடிபட்டவன். கல்லறைகளைத் தோண்டி உடல்களை எடுத்து வந்தவன், இரண்டு பெண்களைக் கொன்றவன். அவனுடைய அம்மா அகஸ்டா 1945இல் இறந்தாள். பெண்கள் எல்லோருமே பாவத்தின் உருவம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள். வீட்டுக்குள் போன போலீஸ்காரர்கள் பார்த்தது சகிக்க முடியாத குப்பை. ஆனால் அம்மா புழங்கிய அறைகள் மட்டும் பலகை அடித்து மூடி, உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. என் கணக்கில் கல்லறை சமாச்சாரத்தைவிட அந்த அடைத்த அறைகள்தான் அவனுடைய மனதைக் காட்டுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், 1959இல் ‘சைக்கோ’ நாவலை எழுதிய ராபர்ட் பிளாக் அப்போது குடியிருந்தது பிளெயின்ஃபீல்டிலிருந்து நாற்பது மைலுக்குள். கீனின் அம்மா விவகாரம் முழுதாகத் தெரியாமலேயே, பக்கத்து வீட்டுக்காரன் இப்படியும் இருக்கலாம் என்ற எண்ணத்தில் நார்மனைக் கற்பனை செய்தார். பிறகுதான் தன் கற்பனை நிஜத்தோடு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்று அவருக்கே தெரிந்தது.

நாவலில் வரும் நார்மன் நாற்பது வயது, குண்டு, கண்ணாடி, குடிப்பழக்கம். பார்த்தாலே ஒதுங்கத் தோன்றும். படத்தை இயக்கிய ஹிட்ச்காக் அந்த இடத்தில் இருபத்தேழு வயது ஆன்டனி பெர்கின்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒல்லி, கூச்சம், திக்கல், சாண்ட்விச் செய்து கொண்டுவந்து கொடுக்கிற மரியாதை. பார்லர் காட்சியில் அம்மாவை எங்காவது சேர்த்துவிடலாமே என்று, அவனுடைய விடுதியில் தங்க வந்த மேரியன் ஒரு வார்த்தை சொல்கிறாள். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் முன்னால் வருகிறான், குரல் இறுகுகிறது, தலைக்கு மேலே பாடம் செய்த ஆந்தை சிறகு விரித்து நிற்கிறது. அப்புறம் துப்பறிவாளர் ஆர்பகாஸ்ட் விசாரிக்கும்போது, நார்மன் ரிஜிஸ்டரைப் பார்க்கக் குனிய, கேமரா கீழே போய்விடுகிறது. மிட்டாய் மெல்லும் அவனுடைய தொண்டை மட்டும் ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். வாய் பேசும் பொய்யைத் தொண்டை காட்டிக்கொடுக்கிறது. கடைசியில் வரும் மருத்துவர் ஐந்து நிமிடம் பேசியும் சொல்லாததை இந்த ஒரு ஷாட் சொல்லிவிட்டது.

கொலையை மறைக்க, மேரியனின் பிணத்தோடு அவளுடைய காரை நார்மன் சதுப்பு நிலத்தில் முங்கவிடும் காட்சியையும் விட முடியாது. பாதி முங்கிய கார் ஒரு கணம் நின்றுவிடும். நார்மன் திகைக்கிறான், நாமும் திகைக்கிறோம். ஐயோ முங்கிவிடட்டும் என்று நினைக்காத ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. வாசல் இருக்கிறதா என்று கேட்டீர்களே நள்ளிரவு, இங்கே நம்மைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

சுடர்கொடி

ஆண்களாகவே பட்டியல் போடுகிறீர்கள், அதையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

‘ஃப்ரைடே தி 13த்’ முதல் பாகத்தில் (1980) கொலைகாரன் ஜேசன் இல்லை. அவனுடைய அம்மா பமேலா வூர்ஹீஸ். ஹாக்கி முகமூடி ஜேசனுக்கு மூன்றாம் பாகத்தில்தான் கிடைக்கிறது. முகாமில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கவனிக்காததால் பிள்ளை ஏரியில் மூழ்கிப் போனான் என்பது அவளுடைய கணக்கு. கொல்லப் போகும்போது பிள்ளையின் குரலில் தனக்குத் தானே பேசிக்கொள்கிறாள், கொல்லும்மா என்று. ‘சைக்கோ’வைத் தலைகீழாகப் போட்டது போல. அங்கே மகனுக்குள் அம்மா, இங்கே அம்மாவுக்குள் மகன். ஆனால் பாருங்கள், மகனுக்குள் அம்மா புகுந்தால் மருத்துவர் வந்து விளக்கம் கொடுக்கிறார். அம்மாவுக்குள் மகன் புகுந்தால் தலையை வெட்டிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார்கள். அவளுடைய துக்கத்தைப் பற்றி ஒரு வரி பேச யாருக்கும் நேரமில்லை.

என் வாக்கு ‘மிசரி’யின் (1990) ஆனி வில்க்ஸுக்கு. கேத்தி பேட்ஸ் இதற்குத்தான் ஆஸ்கர் வாங்கினார். இந்தப் பெண்ணுக்கு முகமூடி இல்லை, குழந்தைப் பருவ ஃப்ளாஷ்பேக் இல்லை. கெட்ட வார்த்தை பேசினால் முகம் சுளிப்பாள், ஆனால் சுத்தியலால் கணுக்காலை உடைப்பாள். அலமாரியில் பீங்கான் பெங்குவின் பொம்மை ஒன்று. அவள் வீட்டில் அடைத்து வைத்திருக்கும் எழுத்தாளன் பால் ஷெல்டன் சக்கர நாற்காலியில் அறையை விட்டு வெளியே வந்து உலாவும்போது அதைத் தட்டிவிடுகிறான், விழாமல் பிடித்துத் திருப்பி வைக்கிறான். அவள் கண்டுபிடித்துவிடுகிறாள், ஏனென்றால் அந்த பெங்குவின் எப்போதும் தெற்கே பார்த்துத்தான் நிற்கும். ஒரு மனநிலையைக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி இருக்கிறதா? மழை நாளில் அவள் பேசும் காட்சியும் அப்படித்தான். கத்துவதில்லை, துவண்டு போய் உட்கார்ந்துகொண்டு, நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று தெரியும் என்கிறாள். கையில் துப்பாக்கி. எனக்கு அவள் கோபப்படும் காட்சிகளைவிட இதுதான் கலக்கம் தந்தது. ஸ்டீபன் கிங் பின்னாளில் ஆனி என்பது தன்னுடைய போதைப் பழக்கம்தான் என்று சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், அவள் தனி ஆளாகவும் தெரிகிறாள், ஒருவனை விடாமல் பிடித்துக்கொண்ட பழக்கமாகவும் தெரிகிறாள்.

இன்னொன்று. லெக்டரைக் கொண்டாடுகிறவர்கள் அதே படத்தின் இன்னொரு கொலைகாரன், பெண்களின் தோலை உரிக்கும் பஃபலோ பில் பக்கம் வருவதே இல்லை. 1992 ஆஸ்கர் விழாவுக்கு வெளியே அந்தப் படத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. அவன் உண்மையில் திருநங்கை இல்லை என்று லெக்டர் வாயால் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்தான். ‘சைக்கோ’ மருத்துவரும் இதே மாதிரி ஒரு மறுப்பு சொல்வார். வசனம் யாருக்கு நினைவிருக்கிறது? கண்ணாடி முன்னால் அவன் ஆடுவதுதான் நினைவிருக்கிறது. மருத்துவர் வாயால் ஒன்று சொல்லிவிட்டு, கேமராவால் வேறொன்று சொல்வது பழைய தந்திரம்.

கோபி எழும்பூர்

வந்துவிட்டேன். சுடர்கொடி அக்கா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டே ஃப்ரெடிக்கு வருகிறேன்.

‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தில் ஃப்ரெடிக்கு மனோதத்துவம் தேடினால் கிடைக்காது. குழந்தைகளைக் கொன்றவன், வாரன்ட்டில் கையெழுத்து சரியாக இல்லை என்று கோர்ட் விட்டுவிட்டது, ஊர்ப் பெற்றோர்கள் சேர்ந்து உயிரோடு எரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவன் கதை. மனோதத்துவம் முழுக்க அந்தப் பெற்றோர்களிடம் இருக்கிறது. படத்தின் நாயகி நான்சியின் அம்மா அவனுடைய கத்தி வைத்த கையுறையைப் பழைய துணியில் சுற்றி அடித்தளத்து உலைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். ஏன் வைத்திருக்க வேண்டும்? தூக்கி எறிந்திருக்கலாமே. ஒரு பக்கம் மதுப் புட்டிகளை வீடு முழுக்க ஒளிக்கிறாள், இன்னொரு பக்கம் ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி அடிக்கிறாள். கொலைகாரன் வருவதோ பிள்ளையின் தூக்கத்துக்குள். கம்பி அவனைத் தடுக்கவில்லை, கடைசியில் நான்சியை வெளியே போகவிடாமல் தடுத்தது.

படத்தின் இயக்குநர் வெஸ் க்ரேவன் கல்லூரியில் ஆங்கிலமும் உளவியலும் படித்தவர். லாவோஸ் பக்கமிருந்து போன ஹ்மாங் அகதிகள் சிலர் தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகளை நாளிதழில் படித்ததுதான் படத்துக்கு விதை. பெரியவர்கள் ஏதோ ஒரு பெரிய கொடுமையைத் தாண்டி வந்திருக்கிறார்கள், அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஆனால் பிள்ளைகள் தூங்கப் பயப்படுகிறார்கள். அகதிக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது பேய்க்கதையாகவே தெரியாது.

நள்ளிரவு அண்ணே, உங்கள் மருத்துவர் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்சியை ஒரு தூக்க ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். மருத்துவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கனவிலிருந்து ஃப்ரெடியின் தொப்பியோடு எழுந்திருப்பாள். அந்த மருத்துவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வட்டக்கிணறு

கொலைகாரன் மனதைப் பற்றி இவ்வளவு பேசியும் லெதர்ஃபேஸ் பெயரை யாரும் எடுக்கவில்லை. ‘தி டெக்சாஸ் செயின் சா மாஸக்கர்’ (1974). மூன்றாவது ஆளைக் கொன்றுவிட்டு அவன் ஜன்னலுக்கு ஓடி வெளியே எட்டிப் பார்க்கிறான். இன்னும் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்கிறான். குளோசப்பில் நாக்கு பல்லைத் தடவுகிறது, கண் அலைபாய்கிறது. பயந்து போயிருக்கிறான் ஐயா. அவன் வீட்டுக்குள் கேட்காமல் கொள்ளாமல் அந்நியர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அண்ணன் வந்தால் திட்டுவான்.

கன்னர் ஹான்சென் இந்த வேடத்துக்காகச் சிறப்புக் குழந்தைகள் பள்ளிக்குப் போய் நடையைக் கவனித்துவிட்டு வந்தார். படத்தில் மூன்று முகமூடிகள். கொலைக்கு ஒன்று, சமையலறைக்குக் கிழவி முகம் ஒன்று, விருந்துக்கு மேக்கப் போட்ட பெண் முகம் ஒன்று. முகமூடிக்குப் பின்னால் ஆள் கிடையாது, எந்த முகத்தை மாட்டுகிறானோ அதுதான் அன்றைக்கு அவன். எட் கீனிடமிருந்து ஹிட்ச்காக் படம் அம்மாவை எடுத்துக்கொண்டது, இந்தப் படம் வீட்டை எடுத்துக்கொண்டது, ‘லாம்ப்ஸ்’ தோலை எடுத்துக்கொண்டது.

மாடிவீட்டு மணி

நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு சுற்று போய் வரலாமா?

‘ஹாலோவீன்’ வந்த அதே 1978இல்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. மைக்கேலுக்குக் காரணமே கிடையாது என்று அங்கே அடம்பிடித்தார்கள். இங்கே கமலின் திலீப்புக்கு ஒன்றுக்கு இரண்டாகக் காரணம். சிறு வயதில் பெண்களால் அவனுக்கு நேர்ந்தது ஒன்று, மனைவியால் ஏமாற்றப்பட்டு, அந்த வெறுப்பை ஊட்டி வளர்த்த வளர்ப்புத் தந்தை இன்னொன்று. கொலையைப் படமெடுத்து அந்தத் தந்தைக்குப் போட்டுக் காட்டுகிறான். புதைத்த இடத்தில் ரோஜா. காட்சிமொழியில் இன்றும் மிரட்டுகிற படம். ஆனால் காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் எல்லாமே ஏதாவது ஒரு பெண்ணில் போய் முடிகிறது. மருத்துவர் கிடையாது, ஆனால் தீர்ப்பு இருக்கிறது.

‘மூடுபனி’ (1980) எனக்கு அதைவிட நெருக்கம். பிரதாப் போத்தனின் சந்துரு நார்மனின் தம்பி மாதிரிதான், அதே கூச்சம், அதே மென்மை. அப்பா அம்மாவைப் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டை நாம் எல்லோரும் கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரிவரை கேட்டிருக்கிறோம். படத்தில் அது எங்கே வருகிறது? கடத்திக்கொண்டு வந்து ஊட்டி வீட்டில் அடைத்து வைத்திருக்கும் பெண்ணிடம் கொலைகாரன் கிடாரோடு பாடுகிற பாட்டு. ஷோபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இளையராஜா காதல் பாட்டுக்கு இம்மியும் குறையாமல் போட்டிருக்கிறார், ஏனென்றால் சந்துருவின் தலைக்குள் அது காதல்தான். கரிசல் சொன்ன ‘உள்ளே கூட்டிக்கொண்டு போவது’ இதுதானே. நாம் நாற்பது வருடமாக அவன் தலைக்குள்ளேயே உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சுடர்கொடி

மணி அண்ணா, இனி அந்தப் பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியாது. நன்றி என்று சொல்வதா வேண்டாமா தெரியவில்லை.

நள்ளிரவுக்காட்சி

காரணம் சொல்வது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் போட்டுவிடுகிறேன். வாசலே இல்லாத வில்லன்களுக்குப் பிறகு வந்தவர்கள் வாசல் வெட்டிப் பார்த்தார்கள். 1981இல் ‘ஹாலோவீன்’ இரண்டாம் பாகத்திலேயே, மைக்கேல் துரத்தும் லாரி என்ற பெண்ணை அவனுடைய தங்கை என்று ஆக்கினார்கள். எழுதிய கார்பென்டருக்கே பிறகு அது பிடிக்கவில்லை. 2007இல் படத்தை மறுபடி எடுத்த ராப் ஸாம்பி, மைக்கேலுக்குக் குடிகாரத் தகப்பன் ஸ்தானத்தில் ஒருவன், பள்ளியில் வம்பிழுக்கும் பையன்கள், மிருகங்களைக் கொல்லும் பழக்கம் என்று முழுக் கேஸ் ஃபைல் தயார் செய்தார். லெக்டருக்கும் ‘ஹானிபல் ரைசிங்’ வந்தது, போர்க்கால லித்துவேனியாவில் தங்கையைத் தின்றுவிட்டார்கள் என்று. இத்தனைக்கும் ‘லாம்ப்ஸ்’ படத்துக்கு மூலமான 1988 நாவலில் லெக்டர், எனக்கு எதுவும் நேர்ந்து நான் இப்படி ஆகவில்லை, நானாக நேர்ந்தவன் என்று க்ளாரிஸிடம் அடித்துச் சொல்லியிருந்தார். அதை எழுதிய அதே தாமஸ் ஹாரிஸ் பதினெட்டு வருடம் கழித்து அவரை மறுத்துப் பேசிவிட்டார்.

2018 ‘ஹாலோவீன்’ இதையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு, தங்கை உறவையும் அறுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தது. அதில் வரும் புதிய மருத்துவர் சார்டெய்னுக்கு மைக்கேல் உள்ளே என்ன உணர்கிறான் என்று தெரிந்தே ஆக வேண்டும். அந்த வெறியில் அவரே ஒருவரைக் கத்தியால் குத்தி, அந்த முகமூடியையும் எடுத்து மாட்டிப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் மைக்கேல் அவர் தலையை மிதித்து நசுக்குகிறான். என் மருத்துவர் கணக்கில் இதுதான் கடைசி வரவு.

தேன்மொழி

உங்கள் கணக்கில் எங்கள் துறைக்கு ஒரே செலவாகத்தான் இருக்கிறது.

‘சைக்கோ’ மருத்துவரை எல்லோரும் திட்டுகிறார்கள். விமர்சகர் ராஜர் ஈபர்ட் அவர் பேச்சில் ஆரம்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடலாம் என்றே எழுதினார். எனக்கு அந்தக் காட்சி வேண்டும். மருத்துவர் பேசி முடித்ததும் ஒரு போலீஸ்காரர் வந்து, அவனுக்குக் குளிர்கிறதாம், இந்தக் கம்பளியைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கொடுங்கள் என்கிறார்கள். அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நன்றி சொல்கிறது. அவ்வளவு நீளமான விளக்கத்தில் நார்மன் ஒரு கேஸ். கம்பளி கேட்கும்போது குளிரில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். முதலில் அந்த நீண்ட விளக்கம் இல்லையென்றால் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாது.

கரிசல்காட்டான்

நள்ளிரவு, உங்கள் காலவரிசைக்கு ஒரு வேட்டு வைக்கிறேன். 1960இல் மருத்துவர் மேல் நம்பிக்கை இருந்தது என்றீர்கள். அதே 1960இல், ‘சைக்கோ’வுக்கு ஓரிரு மாதம் முன்னாலேயே, பிரிட்டனில் மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ வந்துவிட்டது. மார்க் லூயிஸ் பெண்களைக் கொல்கிறான், கொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பயத்தைப் படம் பிடிக்கிறான். அவனுடைய அப்பா பயத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. தூங்குகிற மகனின் படுக்கையில் பல்லியைப் போட்டுவிட்டு அவன் அலறுவதைப் படமெடுத்தவர். அந்த அப்பா வேடத்தில் பவலே நடித்தார், சின்ன மார்க்காக அவருடைய சொந்த மகன். அதாவது நோயை உண்டாக்கியதே ஆராய்ச்சி செய்தவர்தான். 1991 வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

நள்ளிரவுக்காட்சி

வேட்டு சத்தமாகத்தான் வெடித்தது, ஆனால் யார் பக்கம் என்று பாருங்கள். அந்தப் படத்தை விமர்சகர்கள் குதறியெடுத்தார்கள். பவலின் தொழிலே ஆட்டம் கண்டது. எழுபதுகளின் கடைசியில் இயக்குநர் ஸ்கார்செஸி உதவி செய்து திரும்பக் கொண்டுவரும்வரை படம் முடங்கிக் கிடந்தது. விளக்குகிற மருத்துவரை வைத்த படம் 1960இல் வசூலை அள்ளியது, மருத்துவரையே குற்றவாளியாக்கிய படத்தைத் துப்பினார்கள். முப்பது வருடம் கழித்து அதே மாதிரி ஆளுக்கு ஐந்து ஆஸ்கர். நாற்காலி நகர்ந்தது என்று நான் சொன்னது பார்வையாளர்கள் சகித்துக்கொள்ளும் இடத்தைத்தான்.

தேன்மொழி

மருத்துவரைக் குற்றவாளியாக்கியதற்காகத் துப்பினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மார்க்கின் கேமரா வழியாகவே முதல் கொலையைப் பார்க்க வைத்தார் பவல், அதுதான் காரணம். நார்மன் சுவர் ஓட்டையில் கண் வைத்துப் பார்க்கும்போது நாமும்தான் பார்க்கிறோம். ஆனால் ஹிட்ச்காக் கடைசியில் ஒரு மருத்துவரைக் கூட்டிவந்து, குற்றம் முழுவதையும் நார்மன் பேரில் எழுதி நம்மை விடுவித்துவிட்டார். பவல் படத்தில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

நள்ளிரவுக்காட்சி

‘ஹாலோவீன்’ முதல் காட்சியும் முழுக்க அந்த ஆறு வயதுப் பையனின் கண் வழியாகத்தானே? முகமூடி ஓட்டைக்குள்ளிருந்து பார்க்கிறோம். அதற்கு யாரும் துப்பவில்லையே.

தேன்மொழி

அப்பா வந்து முகமூடியைக் கழற்றுகிறார், கேமரா அவனை விட்டுப் பின்னால் மேலே போய்விடுகிறது. நாலு நிமிடத்துக்குள் நம்மை வெளியே எடுத்துவிட்டார் கார்பென்டர். மார்க்கிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் விடுதலை கிடையாது.

கோபி எழும்பூர்

‘பீப்பிங் டாம்’ பார்த்துவிட்டு வந்துதான் நான் இனி பேச முடியும் போலிருக்கிறது. தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். ஃப்ரெடியைப் பற்றி ஒருத்தரும் பதில் போடவில்லை, அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.